பண்டிகைக்கு முந்தின நாள்

குற்றாலம்
12-11-1931

என் தம்பி உச்சிமாகாளிக்கு அக்கா ஆவுடையம்மாள் எழுதுகிறேன்.

உறையின் மேல் ஞானதுரை என்றுதான் எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் குன்னூர் தபால்காரர் உன் கையில் கொடுக்கமாட்டார். உறைக்கு உள்ளே அம்மா வைத்த பெயரைத்தான் எழுதுவேன். கோபம் வந்தால் வரட்டும். மூன்று வருஷமாகக் கோபத்தில்தானே இருக்கிறாய், அதோடு இதையும் சேர்த்துக்கொள்.

தீபாவளி கழிந்து மூன்று நாள் ஆகிறது. பலகாரச் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கக்கூட மழை விடவில்லை. சீசனில் வந்து சாரலில் நின்று ஆகா ஓகோ என்கிறவர்கள் ஒருவர்கூட இந்த மழையைப் பார்த்ததில்லை. அருவி செம்மண்ணாக இறங்குகிறது, பக்கத்தில் போக முடியாது. பங்களாக்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. உன் அத்தான் காவல்காரர் ஆயிற்றே, பதினொரு சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகத் திறந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துவிட்டு வருகிறார். வெயில் தலைகாட்டுகிற அன்று நான் மெத்தைகளைத் தூக்கி வெளியே போடுகிறேன். போட்ட மெத்தையில் குரங்குகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சீசன் முழுக்க வாங்கித் தின்று பழகியவை, இப்போது கொடுக்க ஆளில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நானும் அவற்றோடு சேர்ந்து ரோட்டைப் பார்ப்பேன்.

நான் எழுதவந்த விஷயம் வேறு. முப்பிடாதிக்குத் தையில் ஐந்து வயது நிறைகிறது. நீ பார்த்தபோது தத்தக்கா பித்தக்கா என்று நடந்துகொண்டிருந்தாள். இப்போது வாயைத் திறந்தால் மூடமாட்டாள். இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் என் பிள்ளைக்குக் காது குத்தவிடமாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் தோட்டை ஆட்டிக்கொண்டு திரிகின்றன. நேற்று வந்து கேட்கிறாள்: “எம்மா, எனக்கு மாமா கெடையாதா?”

அம்மா செத்த அன்று என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவன், கொள்ளிச்சட்டியைத் தொடமாட்டேன் என்றாய். பெரியப்பா மகன் சுந்தரபாண்டியன்தான் கொள்ளி வைத்தான். உன் அத்தான் அத்தனை பேர் முன்னால் சாஸ்தாவின் மேல் சத்தியம் செய்து, “பெத்தவளுக்குக் கொள்ளி வைக்காதவன் எம் வாசப்படிய மிதிக்கக் கூடாது” என்றார். நீ தெருவில் நின்று, “அத்தானா ரயிலடிக்கு வந்து கூப்பிடாம இந்த ஊருல கால் வைக்கமாட்டேன்” என்றாய். ஆம்பளைகள் ஆளுக்கொரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

ஒரு வருஷமாக அவரைக் கரைத்துக்கொண்டிருக்கிறேன். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பது பொய்யில்லை. தீபாவளியன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தானாகவே சொன்னார்: “ரயிலடிக்குப் போயிக் கூப்பிடுதேன். ஆனா சாமிகிட்ட சொன்ன சொல்ல மாத்த முடியாது. வீட்டுக்குள்ள கூடாது. பெரிய பங்களா முத்தத்துல வச்சுக் காது குத்துவோம். வெள்ளக்காரன் வீட்டுல எந்தச் சாமி இருக்கு? அவனுக்கும் இடைஞ்சல் இல்ல, எனக்கும் இல்ல.”

பாதி வழி அவர் வந்துவிட்டார். மீதியை நீ வா. எந்த நாள் என்று மட்டும் எழுது.

அக்கா
ஆவுடையம்மாள்


குன்னூர்
22-11-1931

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் ரத்தினமும் சுகமாக இருக்கிறோம். உன் கடிதத்தை அடுப்புக்கு முன்னால் நின்று நாலு தடவை வாசித்தேன். ஒரு தட்டு ரொட்டி கருகிப்போனது.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. குளிர் காலத்தில் ரொட்டிமாவு சீக்கிரம் பொங்கி எழும்பாது. தொட்டியின் மேல் கம்பளி போர்த்தி வைப்போம். எங்கள் ரொட்டிக் கிடங்கில் ஆளுக்கு ஒரு கம்பளி இல்லாவிட்டாலும் மாவுக்கு உண்டு. வெளியே மூச்சுவிட்டால் புகையாக வருகிறது. உள்ளே அடுப்பு அனலில் முதுகு வேர்க்கிறது. ஒரே நேரத்தில் எனக்கு இரண்டு காலம்.

குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த சமையல்காரரிடம் ரொட்டி சுடப் பழகி, அவர் பின்னாலேயே மலையேறினவன் நான். ரத்தினம் அவர் மகள். அத்தான் அன்று என்னை “ரொட்டிக்கு மதம் மாறினவன்” என்று சொன்னார். அந்தச் சொல்லை நீ கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டாய். நான் மறக்கவில்லை. நான் ரொட்டி சுடுகிறவன்தான். ரொட்டிக்காகச் சேர்ந்தவன் இல்லை. இதை எப்படி நிரூபிப்பது என்று மூன்று வருஷமாக யோசிக்கிறேன், வழி தெரியவில்லை.

காதுகுத்து என்று வாசித்ததும் எனக்குப் பயமாக இருந்தது. சாஸ்தா கோயிலில் வைத்தால் என்னால் உட்கார முடியாது, உட்காராவிட்டால் மறுபடியும் ஒரு சண்டை வரும். பங்களா முற்றம் என்று வாசித்தபிறகுதான் மூச்சு வந்தது. அத்தானுடைய யோசனை நல்ல யோசனை. அங்கிருந்து பார்த்தால் உன் வீட்டு ஓடு தெரியும். அது போதும். போதாது, ஆனாலும் போதும் என்றே எழுதுகிறேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை வண்டியில் தென்காசியில் வந்து இறங்குவேன். லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. என்னோடு வேலை செய்கிற அப்துல் மஜீது பாய் என் அடுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பண்டிகையன்றே காதுகுத்தை வைத்துக்கொள்ளலாம்.

அத்தான் மட்டும் ரயிலடிக்கு வரட்டும். நீ வர வேண்டாம். உன்னைப் பார்த்தால் நான் அழுதுவிடுவேன், அவர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. அவர் வராவிட்டால் சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவேன். இதை வீம்பு என்று நினைக்காதே. நானும் ஒரு சொல் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு உன் தம்பி
ஞானதுரை


குற்றாலம்
3-12-1931

தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததும் நான் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பாய். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று வாசித்தேன். பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது. உனக்கு ரொட்டி கருகினது, எனக்குப் பால் பொங்கினது. நல்ல சகுனம் எனக்குத்தான்.

உன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாதென்பதால் ரொட்டி விஷயத்தை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிட்டேன். வெள்ளைக்கார அம்மாவின் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் பைபிள் கதை எழுத்துக்கூட்டி வாசித்ததற்கு இந்தச் சாமர்த்தியமாவது வந்ததே. அங்கே படித்த நான் சாஸ்தாவோடு இருக்கிறேன், பள்ளிக்கூடத்தைக் கண்டால் ஓடின நீ வேதக்கோயிலில் இருக்கிறாய். யார் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை வண்டி என்று தாழ்வாரத் தூணில் கரியால் எழுதிவைத்துவிட்டேன். தென்காசியிலிருந்து உன்னை ஏற்றிவர வில்வண்டி பேசியாயிற்று. காது குத்தத் தட்டாசாரியிடமும் சொல்லியாயிற்று. “இன்னும் எவ்வளவு நாள் கெடக்கு, அதுக்குள்ள என்னட்டி அவசரம்?” என்று உன் அத்தான் கேலி செய்கிறார். எனக்கு நாள் நகர மாட்டேன் என்கிறது.

ரத்தினத்தையும் கூட்டி வரலாமே. நான் அவளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் ஒன்றும் கடித்துவிட மாட்டேன்.

அக்கா


தென்காசி ரயிலடி
24-12-1931

அக்கா,

பென்சிலால் எழுதுகிறேன். காலை வண்டியில் வந்து இறங்கினேன். அத்தானைக் காணவில்லை.

ரத்தினத்துக்குக் காய்ச்சல், வரவில்லை. முப்பிடாதிக்குக் கம்பளி நூலில் ஒரு சட்டை பின்னிக் கொடுத்திருக்கிறாள். அளவு தெரியாமல் பின்னினது. நான் ஒரு கேக் பெட்டி கொண்டுவந்தேன். இரண்டு நாள் ரயிலில் மடியிலேயே வைத்திருந்தேன்.

முதலில் வில்வண்டி தாமதமாகியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு சிற்றாற்றில் தண்ணீர் போகும், சுற்றி வருவார் என்று நினைத்தேன். பிறகு பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். மத்தியானம் வரைக்கும் நினைக்க நிறைய இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

வெளியே வண்டிக்காரர்கள் “குத்தாலம், குத்தாலம்” என்று கூவி ஆளேற்றுகிறார்கள். நாளை விடியக்காலம் திருவாதிரையாம். வண்டி வண்டியாக ஜனங்கள் போகிறார்கள். கடலை விற்கிற அம்மாள் ஒருத்தி, அலிமா என்று பெயர், இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டாள்.

“யாருக்கு அண்ணாச்சி காத்துக் கெடக்கீய?”

“எங்க அத்தான் வருவாக.”

“குத்தாலம் தானே? மூணு மைலு. நடந்தாக்கூட இந்நேரம் போயிச் சேர்ந்திருப்பீயளே.”

மழைவிட்டு மலை பக்கத்தில் வந்து நிற்கிறது. மரங்களுக்கு நடுவே அருவி வெள்ளையாகத் தெரிகிறது. அதன் அடியில்தான் நீ இருக்கிறாய். எழுந்து இரண்டு தடவை படிவரைக்கும் போனேன். இரண்டு தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். என்னைப் போல் ஒரு முட்டாளைக் கர்த்தர் எதற்காகப் படைத்தார் என்று தெரியவில்லை.

நாளைக்குப் பண்டிகை. எனக்கு ரயிலில்தான் விடியும். குன்னூரில் இந்நேரம் எல்லாரும் வேதக்கோயிலில் பச்சைக் கொப்பு கட்டிக்கொண்டிருப்பார்கள். ரத்தினம் காய்ச்சலோடு தனியாக ஆராதனைப் பாட்டுக்குப் போவாள்.

கேக்கை அந்த அலிமாவிடம் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் இருக்கின்றன என்றாள். சட்டையைக் கொடுக்க மனம் வரவில்லை.

சாயங்கால வண்டிக்குக் கைகாட்டி இறங்கிவிட்டது. இதைத் தபாலில் போடப்போவதில்லை.

ஞானதுரை


குற்றாலம்
16-1-1932

ஏலே உச்சிமாகாளி,

நீ நன்றாக இருப்பாய். குளிருக்கு அடுப்பு இருக்கிறது, ஆறுதலுக்கு வேதம் இருக்கிறது, உனக்கு என்ன குறை?

பொங்கலுக்கு முந்தின நாள் உன் அத்தான் விடியுமுன் எழுந்து குளித்து, சலவை வேட்டி கட்டி, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை உடுத்தி, வில்வண்டியில் தென்காசிக்குப் போனார். காலை வண்டி வந்தது. நீ வரவில்லை. அடுத்த வண்டியில் வருவாயோ என்று மத்தியானம் வரைக்கும் நின்றிருக்கிறார். தெரிந்தவர்கள் எல்லாம் “யாரைப் பார்க்க வந்தீய, யாரைப் பார்க்க வந்தீய” என்று கேட்க, “மச்சினன் வருதான்” என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று வருஷமாக உன் பேச்சை எடுக்காத மனுஷன் அன்று அத்தனை பேரிடமும் உன்னை மச்சினன் என்று சொன்னார். தெரிந்துகொள்.

நான் இங்கே பெரிய பங்களா முற்றத்தில் கோலம் போட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி வந்தது. இறங்கினார். பிள்ளைதான் சொன்னாள்: “எம்மா, மாமா வேற ரயில்ல ஏறிட்டாவளாம்.” அப்படிச் சொல்லிச் சமாதானம் செய்து கூட்டிவந்திருக்கிறார்.

மறுநாள் பொங்கல் வைத்தேன். பானை பொங்கியபோது குலவை போட வாய் வரவில்லை. பிறந்த வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் குலை இல்லை, ஒரு துண்டு கரும்பு இல்லை. அம்மா இருந்தவரைக்கும் அவள் செய்தாள். பிறகு செய்ய நீதான் இருக்கிறாய். அதைக்கூட நான் கேட்கவில்லை. வா என்றுதானே கேட்டேன்? வரமுடியாவிட்டால் ஒரு கார்டு போட உன் கை என்ன அடுப்பில் வெந்தா போய்விட்டது?

உன் அத்தான் நேற்றுத்தான் வாய் திறந்தார். “பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்ல வச்சுக் குத்திருவோம். சுந்தரபாண்டியன் மடி கொடுப்பான். கொள்ளி வச்சவனும் அவன்தானே.” எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுக்க?

இனி உனக்கு எழுதமாட்டேன்.

ஆவுடையம்மாள்


குன்னூர்
22-1-1932

அக்கா,

நான் வந்தேன்.

டிசம்பர் 24ஆம் தேதி வந்தேன். காலை வண்டியிலிருந்து சாயங்கால வண்டி வரைக்கும் தென்காசி ரயிலடியில் உட்கார்ந்திருந்தேன். அன்று எழுதின கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பொய்யென்று தோன்றினால் கடலை விற்கிற அலிமாவைக் கேள்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தான் எதற்காகப் பொங்கலுக்குப் போய் நின்றார் என்று வெகுநேரம் புரியாமல் இருந்தேன். ரத்தினம்தான், “நீங்க அவுகளுக்கு என்ன எழுதுனீங்க?” என்று கேட்டாள். பண்டிகைக்கு முந்தின நாள் என்று எழுதினேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. இங்கே வேதக்காரர்கள் மத்தியில் பண்டிகை என்றால் ஒன்றுதான். யாரும் கிறிஸ்மஸ் என்று விரித்துச் சொல்வதில்லை. பண்டிகைக்குத் துணி எடுத்தாயா, பண்டிகைக்கு வருவாயா என்றே பேசுவோம். தீபாவளி போனபிறகு குற்றாலத்தில் இருக்கிற உனக்குப் பண்டிகை என்றால் தைப்பொங்கல்தானே? இருபது வருஷம் நானும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்? எந்த நாளில் அந்தச் சொல் என் வாயில் மாறிப்போனது என்று எனக்கே தெரியவில்லை, அக்கா. பெயரை மாற்றினபோது தெரிந்து மாற்றினேன். இது தெரியாமலே போய்விட்டது. நான் ஊரைவிட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று இந்த ஒரு சொல்லில்தான் எனக்குத் தெரிந்தது.

உங்கள்மேல் நான் கோபப்பட்டேன். கூப்பிட்டுவிட்டு அவமானப்படுத்தினீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் எழுதவில்லை. அந்த ஒரு கோபத்தைப் பொங்கலுக்குப் பத்து நாள் முன்னதாக ஒரு கார்டில் எழுதித் தொலைத்திருந்தால்கூட அத்தான் போய் நின்றிருக்க மாட்டார். நீங்களும் நானும் அன்றே சிரித்திருப்போம்.

பண்டிகை வாரந்தான் எங்கள் கிடங்கில் வருஷத்திலேயே பெரிய வேலை. அதில் லீவு எடுத்ததற்கு முதலாளி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்துல் மஜீது பாய் எனக்காக இரண்டு அடுப்பையும் தனியாகப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார். இனி கோடைக்கு வெள்ளைக்காரர்கள் மலையேறி வந்து திரும்ப இறங்கிப்போகும்வரை லீவு என்று வாயே திறக்க முடியாது. ஆனி பிறக்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு நான் எப்படியும் வர முடியாது, வந்தாலும் கோயிலில் உட்கார முடியாது. சுந்தரபாண்டியன் மடியிலேயே குத்திவிடுங்கள். பிள்ளையை இன்னும் காக்கவைக்க வேண்டாம். மனசோடுதான் சொல்கிறேன். இதை எழுத அரைமணி நேரம் ஆனது.

இன்னொன்று. அம்மாவுக்கு ஏன் கொள்ளி வைக்கவில்லை என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. என்னை யாரும் தடுக்கவில்லை. அப்போது நான் ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதம். அந்தச் சட்டியைக் கையில் எடுத்தால் பழையபடி உச்சிமாகாளி ஆகிவிடுவேன், மலைக்குத் திரும்ப மாட்டேன் என்று பயந்தேன். வைராக்கியம் என்று எல்லாரிடமும் சொன்னேன். வைராக்கியம் இல்லை, பயம். இப்போது எனக்கு அந்தப் பயம் இல்லை. என் விசுவாசம் ஒரு மண்சட்டியில் உடைந்துபோகிற விசுவாசம் இல்லை என்று இப்போது தெரிகிறது. இப்போது தெரிந்து என்ன செய்ய? ஒவ்வொரு நாளும் ஜெபத்தில் முதலில் அம்மா முகம்தான் வருகிறது.

அத்தானிடம் இதை முழுக்க வாசி. எதையும் தாண்டாதே.

உன் தம்பி


குற்றாலம்
28-1-1932

தம்பிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. ஒரு எழுத்துகூடத் தாண்டாமல் வாசித்தேன். ரொட்டி விஷயம் இருந்த உன் பழைய கடிதத்தையும் எடுத்து, அன்று தாண்டினதையும் வாசித்தேன்.

உன் அத்தான் ஒன்றே ஒன்று கேட்டார்: “எவ்வளவு நேரம் இருந்தானாம்?” சாயங்கால வண்டி வரைக்கும் என்றேன். “நான் மத்தியானத்தோட வந்துட்டேனே” என்றார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பள்ளிக்கூடத்து அம்மாவும் பண்டிகை என்றால் மார்கழியில் வருவதைத்தான் சொல்வாள். எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தப்பு உன்னுடையது மட்டுமில்லை.

பிறகு எழுதுகிறேன்.

அக்கா


குற்றாலம்
24-2-1932

என் தம்பிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். உன் அத்தானுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊர் பேசுகிறது.

உன் கடிதம் வந்து நாலாம் நாள், சூடம் வாங்கி வருகிறேன் என்று தென்காசிக்குப் போனார். சூடம் வாங்க இரண்டு மணி நேரம் போதும். இருட்டுகிற நேரத்துக்குத்தான் வந்தார். கையில் சூடம் இல்லை. “ரயிலடியில உக்காந்து பாத்தேன். காலை வண்டியில இருந்து சாயங்கால வண்டி வரைக்கும். அந்தக் கடலைக்காரிதான் அவன் இருந்த இடத்தக் காட்டுனா” என்றார். சோறு போட்டேன். இரண்டு வாய் தின்றுவிட்டு, “கஷ்டமாத்தான் இருக்கு” என்றார்.

மறுநாள் சாஸ்தா கோயிலுக்குப் போனார். சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று பூசாரியிடம் கேட்டிருக்கிறார். “சாமிகிட்ட கொடுத்தத யாரு திருப்பிக் கேப்பா?” என்று அவர் சொல்லிவிட்டார். இவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். நீ உன் சாமியிடம் எப்படி இருக்கிறாயோ, இவர் இவர் சாமியிடம் அப்படி. உங்கள் இரண்டு பேரிலும் யாருக்குப் பக்தி அதிகம் என்று என்னைக் கேட்டால், இரண்டு பேரையும் கட்டிவைத்து அடிக்கத் தோன்றுகிறது.

பத்துப் பதினைந்து நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுவரைத் தட்டிப் பார்ப்பார், நிற்பார், போவார். போன வெள்ளிக்கிழமை காலையில் கடப்பாரையை எடுத்து வடக்குச் சுவரை இடிக்க ஆரம்பித்தார்.

நான் அலறிக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் மதினி ஓடிவந்தாள். “என்னய்யா இது, நல்லா இருந்த சுவத்த இடிக்கீய?” என்றாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சாஸ்தாகிட்ட நான் வாசப்படின்னுதான் சொன்னேன். அந்த வாசப்படிய அவன் மிதிக்க வேண்டாம். சுவரச் சொல்லலியே” என்றார்.

“வடக்க பாத்து வழி வச்சா வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்லுவாவளே.”

“வர வேண்டியவன் வந்தா எல்லாம் ஆகும். நீங்க தள்ளி நில்லுங்க, மண்ணு விழும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நின்றவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. முப்பிடாதி இடித்த மண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டே, “இது வழியா மாமா வருவாவ” என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். இரண்டு நாளில் ஓர் ஆள் தாராளமாக நுழைகிற அளவுக்கு வழி வைத்துவிட்டார். படி வைக்கவில்லை. தரையோடு தரையாக விட்டிருக்கிறார். மிதிக்கப் படியே இல்லாவிட்டால் சத்தியத்துக்கு எந்தப் பக்கத்திலும் பங்கம் வராதாம். அவ்வளவு கணக்கு.

பங்குனி உத்திரத்தில் காதுகுத்து இல்லை. சுந்தரபாண்டியனிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவன், “நல்லது அத்தான், எனக்கும் அதுதான் நிம்மதி” என்றானாம். சாஸ்தா கோயிலும் வேண்டாம், வெள்ளைக்காரன் பங்களாவும் வேண்டாம், நம் வீட்டு நடுக்கூடத்தில் உன் மடியில் வைத்துக் குத்துவோம் என்கிறார். அப்போது நீ ஜெபம் செய்துகொள், அத்தானும் நானும் சாமி கும்பிட்டுக்கொள்கிறோம். பிள்ளை எப்படியும் அழத்தான் போகிறாள், அந்தச் சத்தத்தில் யார் யாரைக் கும்பிட்டார்கள் என்று ஒருவருக்கும் கேட்காது. ரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அந்தச் சட்டையையும் கொண்டுவர வேண்டும். பெரிதாக இருந்தால் என்ன, வளரட்டும்.

இனி நான் சொல்வதைக் கேள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இந்த மாசியில் எங்கள் வீட்டில் துளைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மலையிலிருந்து இறங்குகிற வாடை நேராக அந்த வழியில் நுழைந்து கூடத்தில் படுத்துக்கொள்கிறது. ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறேன், அது நிற்கவில்லை. கதவைத் தச்சாசாரி செய்து கொடுத்துவிட்டார். நல்ல பலாப்பலகை. சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது, உன் அத்தான் மாட்டவிட மாட்டேன் என்கிறார். “அவன் உள்ள வரட்டும், பொறவு மாட்டுவோம்” என்கிறார். ஆனி வரைக்கும் அவனுக்கு லீவு கிடையாதே, ஆனியில் சாரல் வேறு உள்ளே அடிக்குமே என்றேன். “ஆனி வரைக்கும் அப்படியே கெடக்கட்டும். நனைஞ்சா நனையுது” என்றார்.

நேற்று முதல் பிள்ளைக்கு இருமல். வைத்தியரிடம் காட்டி மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த வீட்டில் மூன்று பேரும் குளிரில் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். உன் முதலாளியின் காலில் விழுவாயோ, மஜீது பாயின் கையைப் பிடிப்பாயோ, எனக்குத் தெரியாது. நீ வந்து உள்ளே நுழைந்தால்தான் நாங்கள் கதவைச் சாத்த முடியும்.

அக்கா
ஆவுடையம்மாள்